பதினோரு பேர் வேலை பார்க்கும் ஆபீஸ்

சின்னக்கருப்பன்: ...அம்புட்டுத்தாம்மா. நாளைக்குக் காலைல வந்து சேந்துருங்க. ஒம்பதரைக்கு ஆபீஸ். பத்து மணிக்கு வந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.

தமிழ்வாணி: சார்... இன்டர்வியூ எப்ப சார்?

சின்னக்கருப்பன்: முடிஞ்சிருச்சே.

தமிழ்வாணி: பேரு மட்டும்தான கேட்டீங்க?

சின்னக்கருப்பன்: கேட்டேன். தமிழ்வாணின்னு பட்டுன்னு சொன்னீங்க. சில பேரு பேரைச் சொல்லவே யோசிப்பாக.

தமிழ்வாணி: பேரைச் சொல்ல எதுக்கு சார் யோசிக்கணும்?

சின்னக்கருப்பன்: அது... விடுங்க. நீங்க பாஸு.

தமிழ்வாணி: நானும் கொஞ்சம் கேக்கணும் சார். நோட்டுல எழுதிட்டு வந்திருக்கேன்.

சின்னக்கருப்பன்: ஆளு எடுக்கறவுகதான கேள்வி கேக்கணும்? ...ஐயோ, எந்திரிக்காதீக. கேளுங்க, கேளுங்க. எம்புட்டு வேணும்னாலும் கேளுங்க.

தமிழ்வாணி: முதக் கேள்வி. நீங்க யாரு?

சின்னக்கருப்பன்: நானா? சின்னக்கருப்பன். இந்தக் கண்மாய்த் தோழன் அறக்கட்டளையில ஹெச்.ஆர்.

தமிழ்வாணி: வெளிக்கதவுல ஒட்டியிருக்க பேப்பர்ல, கள ஒருங்கிணைப்பாளர் சின்னக்கருப்பன்னு போட்டிருந்துச்சு?

சின்னக்கருப்பன்: அதுவும் பாக்குறது உண்டு. கூடமாட.

தமிழ்வாணி: சரி. ஒப்பிட்டுப் பாக்க மூணு தொண்டு நிறுவனத்தை எடுத்துக்கிட்டேன் சார். சம்பளம், எத்தனை பேரு, எந்த மாதிரி ஆளுங்க... இந்த மூணும்தான் தலைப்பு. போன மாசம் மதுரைப் பக்கம் வேலை பாக்கத் தகுந்த தொண்டு நிறுவனம்னு இன்டர்நெட்ல ஒரு லிஸ்ட் போட்டாங்கள்ல...

சின்னக்கருப்பன்: பாத்தீகளா! பாத்துட்டுத்தான் வந்தீகளா! நாங்க ரெண்டாவது இடம். மாட்டுத்தாவணிப் பக்கம் ஆறு மாடி கட்டி வச்சிருக்கானே, பெருவாழ்வு பவுண்டேசன், அவனே எங்களுக்கு அடுத்துதான். மூணாவது.

தமிழ்வாணி: அங்க போயிட்டு வந்துட்டேன் சார். முந்நூறு பேரு. சராசரிச் சம்பளம் முப்பத்தெட்டாயிரம். பாத்ரூம்லகூட ஏசி.

சின்னக்கருப்பன்: பாத்ரூம்ல எதுக்கும்மா ஏசி? வேகமா எந்திரிச்சு வர மாட்டானே.

தமிழ்வாணி: அதான் சார் பிரச்சனை. ஒருத்தர்கூட அசைய மாட்டேங்கிறாங்க.

சின்னக்கருப்பன்: அசைய மாட்டேங்கிறாகன்னா?

தமிழ்வாணி: ...வேலைல சுறுசுறுப்பு இல்லன்னு சொல்ல வந்தேன் சார். சரி, உங்க சம்பளத்துக்கு வருவோம். லிஸ்ட்ல உங்க நிறுவனத்துக்குச் சராசரிச் சம்பளம் ஆயிரத்து ஐந்நூறு ரூபான்னு போட்டிருக்கு.

சின்னக்கருப்பன்: ஆமா... அது வந்து...

தமிழ்வாணி: மாசத்துக்கா சார்?

சின்னக்கருப்பன்: சேச்சே. நாளைக்கு.

தமிழ்வாணி: ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறா?

சின்னக்கருப்பன்: அப்படித்தான வச்சுக்கிறணும்.

தமிழ்வாணி: அப்ப மாசம் நாப்பத்தஞ்சாயிரம் வருதே சார்! பெருவாழ்வைவிட ஏழாயிரம் கூட!

சின்னக்கருப்பன்: பிடித்தம் இருக்கும்மா.

தமிழ்வாணி: பிடித்தம் போக எம்புட்டு கைக்கு வரும்?

சின்னக்கருப்பன்: பிடித்தம் கொஞ்சம்... ஜாஸ்தி. ஏன், முத இடத்துல இருக்கானே மழைவிதை அறக்கட்டளை, அழகர்கோவில் ரோட்டுல... அவனுக்குச் சராசரிச் சம்பளம் என்னன்னு போட்டிருக்கு? ஆயிரத்து இருநூத்து எம்பத்தஞ்சு ரூவா எழுபத்தொரு பைசா. அவுகளும் நாள் கணக்குலதான போட்டிருப்பாக.

தமிழ்வாணி: ஆமா ஆமா. நாள் கணக்குதான். அப்படித்தான் இருக்கும்.

சின்னக்கருப்பன்: அந்த எழுபத்தொரு பைசாதான் எனக்கு விளங்க மாட்டேங்குது. அதைப் போய் எப்படிப் பிரிச்சுக் குடுப்பாக?

தமிழ்வாணி: அடுத்த கேள்விக்குப் போவோம் சார். எத்தனை பேரு? லிஸ்ட்ல பதினோரு பேருன்னு இருக்கு.

சின்னக்கருப்பன்: பதினொண்ணு. கரெக்டு.

தமிழ்வாணி: எங்க சார் எல்லாரும்?

சின்னக்கருப்பன்: களத்துக்குப் போயிருக்காக. பேரையூர்ப் பக்கம். கண்மாய் தூர் வாருறோம்ல.

தமிழ்வாணி: பத்து பேருமா?

சின்னக்கருப்பன்: பெரிய கண்மாய்மா.

தமிழ்வாணி: இந்த ரூம்ல மேசை ஒண்ணு, நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் நான் உக்காந்திருக்கேன். நீங்க உக்காந்திருக்கது பெயிண்ட் டப்பாதான சார்?

சின்னக்கருப்பன்: நாங்க சுற்றுச்சூழல் ஆளுகம்மா. எதையும் தூக்கிப் போட மாட்டோம்.

தமிழ்வாணி: அவங்க திரும்பி வந்தா எங்க உக்காருவாங்க?

சின்னக்கருப்பன்: வர மாட்டாக... இன்னைக்கு வர மாட்டாகன்னு சொன்னேன். டீ சாப்புடுறீகளா? கீழ தெப்பக்குளத்தைப் பாத்தாப்ல ஒரு கடை இருக்கு, இந்த லேண்ட்லைன்ல போன் பண்ணா மேல கொண்டாந்து தருவாக. ...ஹலோ, அண்ணே, ரெண்டு டீ. ஆமாண்ணே, ரெண்டுதான். இல்லண்ணே, தப்பாச் சொல்லல, ரெண்டு. விருந்தாளி வந்திருக்காகண்ணே. ஆமாண்ணே, நெசமாத்தான்.

தமிழ்வாணி: ரெண்டு டீக்கே அவருக்கு இம்புட்டு ஆச்சரியமா சார்?

சின்னக்கருப்பன்: எங்க ஆளுகள்ல முக்கால்வாசிப் பேரு டீ குடிக்க மாட்டாக.

தமிழ்வாணி: சரி சார், மூணாவது தலைப்பு. எந்த மாதிரி ஆளுங்க. இதுலதான் நீங்க பெருவாழ்வை அடிச்சிருக்கீங்க. அங்க முந்நூறு பேரும் ஒரே காலேஜ்ல படிச்சவங்க, ஒரே மாதிரி கோடு போட்ட சட்டை. இங்க பாருங்க... பெண்கள் முப்பத்தாறு சதவீதம். அப்ப பதினொண்ணுல நாலு பெண்கள்.

சின்னக்கருப்பன்: நாலு. ஆமா.

தமிழ்வாணி: அறுபது வயசுக்கு மேல ரெண்டு பேரு. மாற்றுத்திறனாளி ஒருத்தர். ஆத்தாடி, கேக்கவே சந்தோசமா இருக்கு சார். அந்த நாலு பேரைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

சின்னக்கருப்பன்: யாரை?

தமிழ்வாணி: பெண்களை.

சின்னக்கருப்பன்: அவுகளுக்கென்ன... நல்லவுக.

தமிழ்வாணி: பேரு?

சின்னக்கருப்பன்: பேரு... கனகலட்சுமி. கணக்குப் பாக்குறாக.

தமிழ்வாணி: அப்புறம்?

சின்னக்கருப்பன்: அப்புறம்... சின்னக் கனகலட்சுமி.

தமிழ்வாணி: ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?

சின்னக்கருப்பன்: அதனால ரொம்பக் குழப்பம்மா. ஒருத்தியைக் கூப்புட்டா இன்னொருத்தி திரும்புவா. மத்த ரெண்டு பேரைக் கூப்புடறதையே விட்டுட்டோம்.

தமிழ்வாணி: அதுல யாருக்காச்சும் இங்க வேலை பாக்கப் பிடிக்காம இருக்கா சார்?

சின்னக்கருப்பன்: என்னம்மா கேள்வி இது?

தமிழ்வாணி: சும்மா... சம்பளம் பத்தலன்னு முனங்குறது, வீடு தூரம்னு சொல்றது, அழகர்கோவில் பக்கம் வேலை கிடைச்சா தேவலன்னு பேசிக்கிறது... அந்த மாதிரி.

சின்னக்கருப்பன்: எதுக்கு அழகர்கோவில்?

தமிழ்வாணி: ஒரு பேச்சுக்கு. குளுகுளுன்னு இருக்கும்ல, மலையடிவாரம். ஞாயித்துக்கிழமையும் வேலை பாக்கத் தயாரா இருக்கவங்க யாராச்சும் இருக்காங்களா?

சின்னக்கருப்பன்: எங்களுக்கு ஞாயிறு லீவும்மா.

தமிழ்வாணி: ரொம்ப நல்லது சார். எழுதிக்கிறேன்.

சின்னக்கருப்பன்: லீவைப் பத்தி இப்படி அனுபவிச்சு எழுதுற ஆளை நான் இப்பத்தாம்மா பாக்குறேன். நீங்க எங்களுக்குத்தான் வேணும். நாளைக்கு வேணாம், இன்னைக்கே சேந்துருங்க. டீ வரவும் குடிச்சிட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுங்க.

தமிழ்வாணி: ஏன் சார் இம்புட்டு அவசரப்படுறீங்க?

சின்னக்கருப்பன்: அவசரமா? எனக்கா? ...இருங்க, போன் அடிக்குது. எங்க அக்கா. இதுல ஸ்பீக்கர்ல மட்டும்தான் கேக்கும், தண்ணில விழுந்து காது வச்சுக் கேக்குற பக்கம் கெட்டுப் போச்சு. நீங்க தப்பா நினைக்காதீக. ...சொல்லுக்கா.

சின்னத்தாய்: என்னத்தடா சொல்லச் சொல்ற? வாரியா வல்லியா?

சின்னக்கருப்பன்: அக்கா, ஆபீஸ்ல ஆளு இருக்காக...

சின்னத்தாய்: இருக்கட்டும், அவுகளும் கேக்கட்டும். வர்ற புதன்கிழமை அழகர்கோவில்ல எம்மக ஸ்ரீஜாவுக்குக் காது குத்து. கெடா வாங்கிக் கட்டியாச்சு. தாய்மாமன் மடி எங்கேன்னு ஊரே கேக்குது. நீ என்னடான்னா பாக்குறேங்கிற.

சின்னக்கருப்பன்: பாக்குறேன்னா வாரேன்னு அர்த்தம்க்கா.

சின்னத்தாய்: போன வருசமும் அதே அர்த்தந்தான். அதுக்கு முந்துன வருசமும் அதே அர்த்தந்தான். ஒண்ணரை வயசுல குத்தியிருக்கணும். பிள்ளைக்கு இப்ப நாலு வயசு முடியப்போகுது. இன்னொரு தடவை தள்ளிப்போட்டா அவளே கடையில போயி குத்திக்கிட்டு வந்துருவா, ஆமா.

சின்னக்கருப்பன்: அக்கா, ஆபீஸைப் பூட்டிட்டு வரமுடியாதுக்கா. யாராச்சும் உக்காரணும். எங்க டிரஸ்டி சிவசங்கரன் சார் கண்டிசனாச் சொல்லிட்டாரு.

சின்னத்தாய்: உனக்குக் கீழ பத்துப் பேரு இருக்காகன்னு நீதானடா சொன்ன? அதுல ஒருத்தரை உக்கார வச்சுட்டு வரமுடியாதா? அப்படி என்னதான் வேலை பாக்குறாக அந்தப் பத்துப் பேரும்?

சின்னக்கருப்பன்: அவுக... அம்புட்டுப் பேரும் பிசிக்கா.

சின்னத்தாய்: இந்தா, பிள்ளை பேசணுமாம். ...பேச மாட்டாளாம். மொகத்தைத் திருப்பிக்கிட்டா. மாமன் வந்தாத்தான் குத்துவேன்னு காலையில இருந்து ரெண்டு காதையும் கையால பொத்திக்கிட்டே அலையுறா. நீ வரலைன்னா இந்தக் கெடாவை நான் யாருக்குடா வெட்டுறது? வைக்கிறேன்.

தமிழ்வாணி: இதுக்குத்தானா சார் என்னை நாளைக்கே சேரச் சொன்னீங்க?

சின்னக்கருப்பன்: ஆமாம்மா. இனி உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அந்தப் பிள்ளை பொறந்தப்ப முதல்ல தூக்குனது நான்தான். மூணு வருசமா ஞாயிறு தவிர எனக்கு ஒரு நாள் லீவு கிடையாது. வர்ற புதன்கிழமை நீங்க ஒரே ஒரு நாள் இந்த நாற்காலில உக்காந்துட்டீகன்னா நான் போயிட்டு சாயங்காலத்துக்குள்ள ஓடியாந்துருவேன்.

தமிழ்வாணி: உக்காரலாம் சார். புதன்கிழமைன்னா எனக்குத் தோதுதான். ஆனா பத்துப் பேரு இருக்கும்போது நான் எதுக்கு?

சின்னக்கருப்பன்: அவுகளை நம்ப முடியாதும்மா.

தமிழ்வாணி: அம்புட்டு மோசமா? நம்ப முடியாத ஆளு யாராச்சும் ஒருத்தரை நான் கூட்டிட்டுப் போகட்டா... இல்ல, பேசிப் பாக்கட்டான்னு கேட்டேன்.

சின்னக்கருப்பன்: நீங்க ரொம்ப நல்லவுகம்மா. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. நியாயமாப் பாத்தா உங்களை மாதிரி ஆளு மழைவிதைக்குத்தான் போகணும். அதுதான் நிறுவனம். பதினாலு பேரு. அதுல அறுபத்துநாலு சதவீதம் பெண்கள். அந்த ஆபீஸ் எப்படி இருக்கும்னு நான் நினைச்சு நினைச்சுப் பாப்பேன். மத்தியானம் பதினாலு டிபன் பாக்ஸைத் தொறந்தா எம்புட்டுக் கூட்டு, எம்புட்டுப் பொரியல்...

தமிழ்வாணி: அப்படில்லாம் இருக்காது சார்.

சின்னக்கருப்பன்: இருக்கும்மா. உங்களுக்குத் தெரியாது. ரெண்டு மாசத்துக்கு முன்ன அவுக ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டேன். காலி இடம் இருக்கான்னு.

தமிழ்வாணி: அந்த மெயில் நீங்க போட்டதா?

சின்னக்கருப்பன்: எந்த மெயிலு?

தமிழ்வாணி: ...நீங்க இப்பச் சொன்ன மெயிலு சார். அப்ப நீங்களே இங்கேருந்து போகப் பாத்தீங்களான்னு கேட்டேன்.

சின்னக்கருப்பன்: ஒரு சேக்காளிக்காக. பதில் போட்டாங்க பாருங்க... என்னா மரியாதை! தங்கள் விண்ணப்பம் பதினாலு பேர் கொண்ட எங்கள் குழுவின் பரிசீலனையில் உள்ளதுன்னு. ரெண்டு மாசமாப் பரிசீலிக்கிறாக. பதினாலு பேரும் ஒத்துப்போகணும்ல?

தமிழ்வாணி: அது கஷ்டம்தான் சார். ஒரு முடிவு எடுக்கப்போனா நமக்குள்ளயே... அவங்களுக்குள்ளயே சண்டை வரும்ல.

சின்னக்கருப்பன்: நம்ம ஊருப் பக்கம் கல்யாணப் பத்திரிகையிலகூட அம்புட்டுப் பேரு போட மாட்டாக, அந்த மெயிலுக்குக் கீழ அத்தனை பேரு இருந்துச்சு. ...ஐயையோ.

தமிழ்வாணி: என்ன சார்?

சின்னக்கருப்பன்: லேண்ட்லைன் அடிக்குது.

தமிழ்வாணி: அடிச்சா எடுங்க.

சின்னக்கருப்பன்: அந்த லிஸ்ட் போட்டவுகதாம்மா. இந்த மாசம் பூராம், வார லீவு தவிர எப்ப வேணும்னாலும் போன் அடிச்சுச் சரி பாப்பாகளாம். எடுக்கலைன்னா லிஸ்ட்ல இருந்து தூக்கிருவாக. அதுக்குத்தான் ஆபீஸைப் பூட்டக் கூடாதுங்கிறது. ...ஹலோ. வணக்கங்க. கண்மாய்த் தோழன்... ஆமாங்க. ஆங்... பெண்கள் மேம்பாட்டு அலுவலரா? இருக்காகளே. இங்கதான் இருக்காக. பக்கத்து ரூம்ல. ஒரு நிமிசம் லைன்ல இருங்க... தமிழ்வாணி, மெதுவாப் பேசுங்க, ரிசீவரைப் பொத்தியிருக்கேன்.

தமிழ்வாணி: பக்கத்து ரூம் எங்க சார் இருக்கு?

சின்னக்கருப்பன்: இல்ல.

தமிழ்வாணி: பெண்கள் மேம்பாட்டு அலுவலர்?

சின்னக்கருப்பன்: நான்தான்.

தமிழ்வாணி: கணக்கு? கனகலட்சுமி?

சின்னக்கருப்பன்: நான்தான்.

தமிழ்வாணி: சின்னக் கனகலட்சுமி?

சின்னக்கருப்பன்: அதுவும் நான்தாம்மா. பதினோரு பேரும் நான்தான். கள வேலை, கணக்கு, மகளிர் குழு, முதியோர் நலம், டிரைவர்... வண்டி கிடையாது, ஆனா டிரைவர் உண்டு. நன்கொடை குடுக்கறவுக ஒவ்வொருத்தரும் ஒரு திட்டத்துக்குக் கால் ஆளு, அரைக்கால் ஆளுன்னு சம்பளம் குடுப்பாக. எல்லாத் துண்டையும் ஒட்டுனாத்தான் ஒரு முழு ஆளு வரும். பதினாறாயிரத்து ஐந்நூறு ரூவாய்க்கு. லிஸ்ட்டுக்காரங்க ஃபாரம் அனுப்பவும், சிவசங்கரன் சார் சென்னைல இருந்து போன்லயே சொல்றாரு, ஒவ்வொரு துண்டையும் ஒரு ஆளா எழுதுய்யான்னு.

தமிழ்வாணி: எழுதுனீங்களா?

சின்னக்கருப்பன்: எழுதுனேன். மகளிர் வேலைன்னா பெண்ணுன்னு போட்டேன். முதியோர் வேலைன்னா அறுபது வயசுன்னு போட்டேன். எனக்கு முப்பத்தொண்ணுதாம்மா ஆகுது. போன வாரம் போன் பண்ணி மகளிர் குழு ஆலோசகரைக் கேட்டாக, நானே குரலைச் சுருக்கிப் பேசினேன். தொண்டை சரியில்லையா மேடம், ஆம்பளைக் குரல் மாதிரி கேக்குதேன்னாக. சளின்னு சொல்லிட்டேன். மறுபடியும் சளின்னு சொன்னா நம்ப மாட்டாக. எல்லாம் போச்சு...

தமிழ்வாணி: போனை இங்கிட்டுக் குடுங்க.

சின்னக்கருப்பன்: நீங்க இன்னும் கையெழுத்துகூடப் போடலியேம்மா...

தமிழ்வாணி: குடுங்கண்ணே! ...வணக்கம் சார், மன்னிச்சிருங்க, ஒரு மீட்டிங்ல இருந்தேன். பெண்கள் மேம்பாட்டு அலுவலர் பேசுறேன். ஆமா சார்... ரொம்ப நல்ல இடம் சார். ஆணு பெண்ணுங்கிற பேதமே இங்க கிடையாது. சத்தியமாக் கிடையாது சார். ...கணக்கு அலுவலரா? தர்றேன், இருங்க. ...ஹலோ, கணக்குப் பிரிவு. சம்பளமா? ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துரும். எல்லாருக்கும் ஒரே நேரத்துல வந்துரும் சார், ஒரு நிமிசம்கூட முன்னப்பின்ன ஆகாது. ...முதியோர் நலமா? ஐயா, கொஞ்சம் வாங்க, போனு... க்கும். க்கும். சொல்லுங்க தம்பி. ஆங்? உரக்கச் சொல்லுங்க. நல்லா இருக்கேன் தம்பி. இங்க இருக்கறவங்க எல்லாரும் என்னைத் தங்கள்ல ஒருத்தராத்தான் பாக்குறாங்க. ஆமா. வச்சிரட்டுமா? நன்றி தம்பி.

சின்னக்கருப்பன்: எம்மா, வச்சுட்டாகளா?

தமிழ்வாணி: வச்சுட்டாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு டிக் போட்டுட்டாங்களாம். இனி இந்த மாசம் ஒரே ஒரு தடவைதான் கூப்புடுவாங்களாம், என்னைக்குன்னு சொல்லல.

சின்னக்கருப்பன்: எம்மா... நடுவுல மேசையை எதுக்குத் தட்டுனீக?

தமிழ்வாணி: ஒரு ஆளு எந்திரிச்சு இன்னொரு ஆளுகிட்டப் போனைக் குடுக்கணும்னா நடந்து போற சத்தம் கேக்கணும்ல.

சின்னக்கருப்பன்: அது சரி. அந்த இருமல்?

தமிழ்வாணி: ரெண்டுதான். அதுக்கு மேல இருமுனா உடம்பு சரியில்லையான்னு விசாரிப்பாங்க. பேச்சு வளந்துரும்.

சின்னக்கருப்பன்: நான் மூணு வருசமா இதையே தொழிலாப் பண்றேன், எனக்கு இம்புட்டு நயமா வல்லையே. உங்களைப் பாத்தா பயமா இருக்கு, கும்புடணும் போலவும் இருக்கு. இனிமே நீங்க இங்க சேருவீகளா என்னான்னு கேக்கவே எனக்கு வாய் வல்லம்மா. பதினோரு பேரு இருக்காகன்னு நம்பி வந்தீக, பெயிண்ட் டப்பால ஒருத்தன் உக்காந்திருக்கான்.

தமிழ்வாணி: எனக்குப் பெரிய ஏமாத்தம்தாண்ணே. பொய் சொல்லக் கூடாது.

சின்னக்கருப்பன்: ஏமாத்தம்தான். நியாயம்தான். நீங்க போங்கம்மா, மழைவிதைக்குப் போங்க. அங்க கேட்டுப் பாருங்க. நான் அக்காகிட்ட என்னத்தயாச்சும் சொல்லிக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத்தான்... என்னத்தைச் சொல்றதுன்னு தெரியல.

தமிழ்வாணி: அக்காகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். வாரேன்னு மட்டும் சொல்லுங்க. புதன்கிழமை நான் இங்க உக்காருறேன்.

சின்னக்கருப்பன்: நெசமாவா?

தமிழ்வாணி: நெசமாத்தான்.

சின்னக்கருப்பன்: கையெழுத்துப் போடாம? சம்பளம் இல்லாம?

தமிழ்வாணி: எல்லாம் இல்லாம.

சின்னக்கருப்பன்: எம்மா, தங்கச்சி... உனக்கு என்ன செய்யணும்னு சொல்லு, செய்யுறேன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லிரு. முன்னப்பின்ன தெரியாத ஆபீஸ். வந்து அரை மணி நேரம் ஆகல. ரிசீவரை வாங்குன கையோட மூணு ஆளாப் பேசுற. இதெல்லாம் எங்கிட்டுத்தாம்மா படிச்ச?

தமிழ்வாணி: மழைவிதையிலதாண்ணே. அங்க பதினாலு பேரும் நான்தான். பதினெட்டாயிரத்தைப் பதினாலால வகுத்துப் பாருங்க, அந்த எழுபத்தொரு பைசா வரும். உங்ககிட்டப் பதினோரு பேரு இருக்காகன்னு லிஸ்ட்ல பாத்தேன், அதுல ஒருத்தரை நைசாப் பேசி எங்க ஆபீஸுக்குத் தள்ளிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். எங்களுக்குப் புதன்கிழமைதான் வார லீவு, அதான் இன்னைக்கு வர முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமைதான் காலேஜ்ப் பிள்ளைக மரக்கன்னு நட வருவாக, ஆபீஸைப் பூட்டவே முடியாது... ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம்ணே. பொண்ணு இல்லாம நடத்த மாட்டோம்னு மாப்ள வீட்டுல ஒத்தக்கால்ல நிக்கிறாக. உங்களுக்கு அன்னைக்கு லீவுதான, அன்னைக்கு ஒரு நாள் வந்து எங்க பதினாலு பேரா உக்காந்துருங்க. லிஸ்ட்டுக்காரங்க எங்களுக்கும் போன் அடிப்பாக. அதுல ஒம்பது பேரு பொம்பளைங்க... இன்னும் நாலு நாள் இருக்கு, இப்பேருந்தே பேசிப் பழகிக்கங்க.